வரவுச் சீட்டில் ஒரு கட்டம்

மலாக்கா
5-3-1952, புதன்

அன்பு மகள் கமலவேணிக்கு அப்பா பிச்சைமுத்து எழுதிக்கொண்டது.

நானும் உன் அம்மாவும் எங்கள் வயதுக்கு எவ்வளவு சுகம் கிடைக்குமோ அவ்வளவு சுகமாக இருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி. எனக்கு அதைப் பற்றிக் கேட்கிற வலி. நீ பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடிக்காமல் படிக்க வைப்பதாகத் தங்கராஜு சொன்னான். என்னையும் அப்படி யாராவது படிக்க வைத்திருந்தால் ஏழாவதோடு நின்றிருக்க மாட்டேன். அடித்துத்தான் அனுப்பினார்கள், நானும் போய்விட்டேன்.

கடிதத்தை வழக்கம்போல லோரி ஓட்டி வரும் உன் அத்தான் தங்கராஜு கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் நாலு நாள் ஆகிறது. அதையும் உங்கள் தோட்டத்து ஆபீசில் பிரித்துப் படித்துவிட்டுத் தருகிறார்கள். என் எழுத்துப் பிழை நம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

இங்கே ஒரு செய்தி. ஆலையில் எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். உள்வரவுக் கிராணி, ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. பெயர் பெரிசு, நாற்காலி பழசுதான். ஆலைக்கு என்னென்ன வர வேண்டுமோ, தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட்டு, ஒட்டுப்பால், துறைமுகத்திலிருந்து ஆசிட், எல்லாம் எங்கே வந்துகொண்டிருக்கிறது, திரும்பித் தோட்டங்களுக்குப் போகிற சாமான் எங்கே போகிறது என்று நான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் துரை தினமும் காலையில் வந்து, "என் ஆசிட் எங்கே?" என்பார். "வருகிறது ஐயா" என்போம். எங்கே வருகிறது என்று அந்த ஆசிட்டுக்கும் தெரியாது, அதை ஓட்டி வருகிறவனுக்கும் தெரியாது. கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய், இந்த அவசரகாலம் வந்த பிறகு ரோடு எங்கும் தடை, சோதனை, ஊரடங்கு. ஒரு லோரி காலையில் புறப்பட்டால் மத்தியானம் வருமா, மறுநாள் வருமா, வரவே வராதா என்று தெரியாமல் மெஷின்கள் சும்மா நின்றன. லோரியிலிருந்து இறக்குகிற பொம்பளைகள் நாள் முழுக்க கேட்டில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கு நான் ஒரு வழி செய்தேன். சிரிக்காதே. ஒரு பெரிய பலகைக்குக் கறுப்புப் பெயிண்டு அடித்து, செலண்டார், டுரியான் துங்கல், பத்து பெரண்டாம் என்று வழியில் உள்ள ஊர்களை எழுதி, ஊருக்கு ஊர் ஆணி அடித்தேன். பால் டின்னை வெட்டி லோரிக்கு ஒரு தகரம், அதில் நம்பர். டெலிபோன் உள்ள கோப்பிக் கடைகளிலும் போலீஸ் தடைகளிலும் சொல்லி வைத்தாயிற்று. லோரி கடந்தால் அவர்கள் கூப்பிடுவார்கள், நான் தகரத்தை அடுத்த ஆணிக்கு மாற்றுவேன், நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவேன். லோரியில் சாமான் இறக்குகிற முனியாயி வந்து பலகையை மேலும் கீழும் பார்த்தாள். "கிராணியாரே, லோரி எங்கேன்னு நல்லாத்தான் சொல்லுது. எங்க வூட்டு ஆளு எங்கேன்னும் சொல்லுமா?" என்றாள். "அவனுக்கும் ஒரு தகரம் வெட்டித் தரேன், கழுத்துல மாட்டி வுடு" என்றேன்.

கூடவே வரவுச் சீட்டு. பொருள், புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம், சேதம் குறைவு, பெற்றவர் கையெழுத்து, குறிப்பு. ஆறு கட்டம். பொருளைப் பெற்றவர் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். சேதக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதலாம், 'உண்டு' என்றும் எழுதலாம். வெறுமையாக விடக் கூடாது. விட்டால் பெற்றவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார் என்று பொருள். அப்போது நானே நேரில் போய்ப் பொருளைப் பார்க்க வேண்டும் என்று சட்டம். சட்டம் போட்டது நான்தான். உன் அப்பன் சட்டமெல்லாம் போடுகிறான் பார்.

கார்பன் தாள் வைத்து எழுதுகிறேன். ஆபீஸ் பழக்கம். இப்போது உன் அம்மாவோடு பேசும்போதுகூட நகல் எடுக்கத் தோன்றுகிறது.

அத்தானைக் காக்க வைக்காமல் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா,
பி. பிச்சைமுத்து

---

செலண்டார்
6-3-1952, வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இடைவேளை மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வெளியே கத்துகிறார்கள். அத்தான் படிக்கட்டில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காத மாதிரி லோரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த லோரியில் பார்க்க அவ்வளவு என்ன இருக்கிறதோ.

உங்கள் பலகையைப் பற்றிப் படித்தபோது வகுப்பிலேயே சிரித்துவிட்டேன். ஆனால் அப்பா, உண்மையைச் சொன்னால் அது எனக்கும் வேண்டும். இங்கே எல்லா வீடுகளையும் முள்வேலிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் மட்டும் வேலிக்கு வெளியே, ரோட்டோரம். வியாழக்கிழமை பத்து மணி ஆனால் என் காது ரோட்டில்தான் இருக்கிறது. போன வாரம் டுரியான் துங்கல் பக்கம் சுட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளில் எனக்கு ஒரு கணக்குப் பாடமும் ஓடவில்லை. நீங்கள் பலகையில் அவருடைய தகரத்தை மாட்டும்போது கொஞ்சம் மெதுவாக மாட்டுங்கள்.

தோட்டத்து ஆபீசில் இன்னும் என் கடிதங்களைப் பிரிக்கிறார்கள். கேட்டால், "டீச்சர், சும்மா பாத்தேன் லா" என்கிறார் அந்தக் கிராணி. கிராணிகளே இப்படித்தானா?

அம்மாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவுங்கள். கேட்கிற வலிக்கு மருந்து கிடையாது.

தங்கள் மகள்,
கமலவேணி

---

மலாக்கா
14-5-1952, புதன்

அன்பு மகளுக்கு,

சுகம். மழை. உன் அம்மா எண்ணெய் தடவி, அந்தக் கையாலேயே எனக்குச் சட்டை மடித்துத் தருகிறாள். ஆபீசில் எல்லாரும் என்னிடம் தாளிப்பு வாசம் வருகிறது என்கிறார்கள்.

துரை என் பதிவேட்டை எடுத்து, ஜொகூரிலிருந்து வந்த இன்னொரு துரைக்குக் காட்டினார். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். நல்லதாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் எனக்கு ஒரு சிவப்பு மைக்கூடு கிடைத்தது. இப்போது மெஷின் ஒரு நாளும் நிற்பதில்லை. ஆசிட் எங்கே என்று துரை கேட்பதற்கு முன்பே, "டுரியான் துங்கலில் இருக்கிறது ஐயா, ஒன்பது இருபதுக்குக் கடந்தது" என்கிறேன். அவர் முகம் பார்க்க வேண்டுமே. கேள்வி கேட்க முடியாமல் போன மனிதனின் முகம்.

அந்தச் சிவப்பு மையை முதலில் யாருக்குப் போட்டேன் தெரியுமா? உன் அத்தானுக்கு. வியாழன்தோறும் செலண்டார் போலீஸ் தடையை 10.05-க்குக் கடக்கிறான். தோட்டத்து ஸ்டோரில் 10.55-க்குச் சேருகிறான். வழி பத்து நிமிஷம். லோரியில் ஆசிட்டும் இருக்கிறது, தோட்டத்து ரேஷன் அரிசியும் இருக்கிறது. "ஏண்டா, பத்து நிமிஷ வழிக்கு அம்பது நிமிஷமா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். "மாமா, நீங்க எழுதுற கடுதாசி நீளம். அது படிக்கணும், அழணும், சிரிக்கணும், பதில் எழுதணும். நான் என்ன செய்ய லா" என்றான். ஆக, நான் சுருக்கமாக எழுதினால் கம்பெனிக்கு லாபம்.

ஆனாலும் பதிவேட்டில் உள்ள நேரத்தை உள்ளபடிதான் எழுதுகிறேன். அக்காள் மகன் என்று ஐந்து நிமிஷம்கூடக் குறைக்கவில்லை. அவனுக்குப் பத்து வயதில் அக்காள் இறந்த பிறகு ஒரு தகரப் பெட்டியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி என்னிடம் வந்தவன். அவனுக்கும் நான் மாமன், பதிவேட்டுக்கும் நான் கிராணி. தை பிறந்து உங்கள் கல்யாணம் முடிந்துவிட்டால் அந்த நாற்பது நிமிஷமும் தானாக மிச்சமாகிவிடும். யாரும் கல்யாணம் ஆன பிறகு பெண்டாட்டி கடிதம் எழுதும் வரை உட்கார்ந்திருப்பதில்லை. நான் இருந்ததில்லை.

உனக்கு நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம், அவன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் தின்னும் பொருள் எதுவும் ரோட்டில் போகக் கூடாது என்று சட்டம் என்பது தெரியும். நெத்திலி தின்று யார் துப்பாக்கி பிடிக்கப் போகிறார்கள். வண்டிச் சீட்டில் நான் எழுதவில்லை. போன நாலு வாரமும் எழுதவில்லை. நீயும் யாரிடமும் சொல்லாதே, வாசம் சொல்லாமல் இருந்தால் சரி.

உன் அப்பா,
பிச்சைமுத்து

---

மலாக்கா
12-7-1952, சனி
(தபாலில், பள்ளிக்கூட விலாசத்துக்கு)

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை உன் அத்தான் வராததால் பயந்திருப்பாய். அவன் நலமாக இருக்கிறான். லோரியும் நலம்.

செலண்டார் பக்கம் காட்டோரத்தில் நம் கம்பெனி முத்திரை போட்ட ஒரு அரிசிச் சாக்கு வெறுமையாகக் கிடந்ததாம். காட்டில் இருப்பவர்களுக்கு யாரோ அரிசி இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்று சந்தேகம். அந்த வழியில் லோரி ஓட்டுகிற ஐந்து பேரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். நாலு பேர் திரும்பிவிட்டார்கள். தங்கராஜுவிடம் இன்னும் ஏதோ கேட்க வேண்டுமாம். இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி என் பதிவேட்டையும் வாங்கிக்கொண்டு போனார். இவ்வளவு சுத்தமாக எழுதிய புத்தகத்தை இந்த நாட்டில் பார்த்ததில்லை என்றார். நான் அதற்கு அட்டை போட்டுக் கொடுத்தேன்.

ஒன்று செய்ய வேண்டும். நான் உனக்கு எழுதிய பழைய கடிதங்களை, முக்கியமாகக் கருவாட்டைப் பற்றி எழுதியதை, அடுப்பில் போட்டுவிடு. காரணம் ஒன்றும் இல்லை. இந்தக் காலத்தில் காகிதம் குறைவாக இருப்பது நல்லது.

உன் அப்பா

---

செலண்டார்
20-7-1952

அன்புள்ள அப்பாவுக்கு,

சொன்னபடி எரித்துவிட்டேன். நீங்கள் சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் எட்டு நாளாகிவிட்டது. இங்கே லோரியில் இப்போது வருகிற டிரைவர் பெரியதம்பி அண்ணன் சொல்கிறார், அத்தானிடம் அந்த நாற்பது நிமிஷத்தைத்தான் கேட்கிறார்களாம். அவர் டயர் பஞ்சர் என்று சொன்னாராம். பன்னிரண்டு வியாழக்கிழமையும் ஒரே இடத்தில் பஞ்சரா என்று கேட்டு அடித்தார்களாம். அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, அவன் உம் பேரச் சொல்லல. கலியாணம் ஆகாத புள்ள, டீச்சர் வேற, ஸ்டேஷன்ல அவ பேரு வரக் கூடாதுன்னு இருக்கான்."

அப்பா, உங்களிடம் கேட்டிருப்பார்கள். உங்கள் பதிவேடுதானே. நீங்கள் என்ன சொன்னீர்கள்?

கமலவேணி

---

மலாக்கா
25-7-1952

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது இடுப்புக்கு ஏறிவிட்டது. வலிக்கும் ஒரு தகரம் மாட்டி வைத்தால் எங்கே போகிறது என்று பார்க்கலாம். மழை விட்டுவிட்டது. முனியாயி மகளுக்கு ஆண் குழந்தை. ஆசிட் தட்டுப்பாடு இல்லை.

நீ கேட்டதைப் பற்றி: இதெல்லாம் ஆபீஸ் விஷயம், கடிதத்தில் எழுதக் கூடாது. பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ எதற்கும் யாரிடமும் போய்ப் பேசாதே. பள்ளிக்கூடத்தைப் பார்.

உன் அப்பா

---

செலண்டார்
17-8-1952

அப்பாவுக்கு,

நான் போய்ப் பேசினேன். தோட்டத்துத் துரையிடம் போனேன், அவர் அந்த அதிகாரியிடம் கூட்டிப் போனார். அந்த நாற்பது நிமிஷமும் லோரி பள்ளிக்கூட வாசலில் நின்றது, அப்பாவின் கடிதத்தைப் படித்துப் பதில் எழுதும்வரை அவர் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னேன். பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும் என்றேன். பிள்ளைகள் சாட்சி ஆக மாட்டார்கள் என்றார். கடிதம் ஒன்றாவது காட்டு என்றார்.

நான் என்ன காட்டுவது அப்பா?

பிறகு அவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். உங்கள் கையெழுத்து. அந்த 'பி' எனக்குத் தெரியாதா. "லோரி வழியில் நின்ற காரணம் எனக்குத் தெரியாது. நிற்பதற்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை." அவ்வளவுதான் எழுதியிருந்தது. "உன் தகப்பனே தெரியாது என்கிறார். நீ கட்டிக்கொள்ளப் போகிறவனுக்காகக் கதை சொல்கிறாய்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

என் பெயர் ஸ்டேஷனில் வரக் கூடாது என்று அத்தான் அடி வாங்கினார். இப்போது பெயரும் வந்துவிட்டது, அதனால் பயனும் இல்லை.

நீங்கள் தெரியாது என்றா சொன்னீர்கள்?

கமலவேணி

---

மலாக்கா
7-9-1952, ஞாயிறு

மகளே,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் முதல் வரியிலேயே ஒரு வேடிக்கை வந்துவிட்டது. கைக்கு அதுதான் பழக்கம். இதில் வந்தால் நீயே அடித்துவிடு.

ஆமாம். தெரியாது என்றுதான் சொன்னேன்.

அந்த அதிகாரி என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, சிவப்பு மையில் நான் போட்டிருந்த கோட்டின் மேல் விரலை வைத்தார். பன்னிரண்டு கோடு. ஒவ்வொன்றும் அடிக்கோல் வைத்துப் போட்டது. "இங்கே லோரி எங்கே நின்றது?" என்று மலாயில் கேட்டார். துரை பக்கத்தில் நின்றார். எனக்கு வாயில் பதில் இருந்தது. என் மகள் பள்ளிக்கூடத்தில் ஐயா, என் கடிதம் கொடுக்க ஐயா. அவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம்.

சொல்லவில்லை. உன் பெயர் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று இப்போது உனக்கு எழுதுகிறேன். உன் பெயரைக் காப்பாற்றியவன் தங்கராஜு. நான் காப்பாற்றியது கருவாட்டை. பள்ளிக்கூடத்தில் நின்றது என்றால் என்ன கொடுக்க நின்றது என்று கேட்பார்கள், கடிதம் என்றால் வேறென்ன என்று கேட்பார்கள். ஐந்து வாரம் சீட்டில் எழுதாமல் தின்னும் பொருள் அனுப்பியவன் நான். அதற்கு ஜெயில் என்று ஊர் முழுக்க நோட்டீசு ஒட்டியிருக்கிறது. புதுக் கிராணி, சிவப்பு மைக்கூடு, துரை பக்கத்தில் நிற்கிறார். நாக்கு தானாகத் 'தெரியாது' என்றது. இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்று நான் உண்மையாகவே நம்பினேன். லோரி தாமதமாகும், ஆனால் வந்து சேரும், அப்படித்தானே என் தொழில்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் அந்தத் தாள் மாதிரிதான்.

நீ கடிதங்களை எரித்துவிட்டாய். என்னிடம் நகல் இருந்தது.

கார்பன் வைத்து எழுதுகிறேன் என்று உனக்கு எழுதினேன் அல்லவா. எல்லாம் என் மேசை இழுப்பறையில், தேதி வாரியாக, நூல் கட்டி இருந்தது. மே மாதக் கடிதம், நாற்பது நிமிஷம், "கடுதாசி படிக்கணும், பதில் எழுதணும்" என்று அவன் சொன்னது, எல்லாம் என் கையெழுத்தில், தேதியோடு. அதிகாரி என் எதிரில் உட்கார்ந்திருந்தபோது அது என் முழங்காலுக்கு முன்னால் இருந்தது. நீ ஜூலையில் "என்ன சொன்னீர்கள்" என்று கேட்டபோதும் இருந்தது. நான் உனக்கு முழங்கால் வலியைப் பற்றி எழுதினேன்.

உன் ஆகஸ்டுக் கடிதம் வந்த மறுநாள் அந்த நகல் கட்டை எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரி மலாயில் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கருவாடு வந்த இடத்தில் நான் நிறுத்தினேன். படி என்றார். படித்தேன். "நெத்திலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சிரித்துவிட்டார் கமலா. கோபத்தில் இல்லை, உண்மையாகவே சிரிப்பு வந்துதான் சிரித்தார். "இதற்கா?" என்றார். என்னைப் பிடித்து வையுங்கள் என்றேன். இதற்கெல்லாம் இடம் இல்லை, வீட்டுக்குப் போங்கள் பெரியவரே என்றார்.

தங்கராஜுவைக் கேட்டேன். அவன் பெயர் ஆகஸ்டு ஒன்றாம் தேதியே மேலே போய்விட்டது, கையெழுத்தாகிவிட்டது, இந்த நாட்டில் பிறக்காதவன், இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்றார். கட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ஜூலையில் கொண்டுவந்திருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன். தாமதமாக வந்துவிட்டது" என்றார்.

தாமதத்தைப் பற்றி எனக்கு அவர் சொன்னார்.

அவனைப் பார்க்க விட்டார்கள், கம்பிக்கு அந்தப் பக்கம். சொன்னேன், எல்லாவற்றையும். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான். பிறகு, "மாமா, அன்னைக்கே ஒரு வரி கேட்டிருந்தா, கருவாடு நான் வாங்குனதுன்னு சொல்லியிருப்பேனே" என்றான். அடி வாங்கினால் கன்னம் எரியும். இதற்கு எங்கே எரிகிறது என்று எனக்கே தெரியவில்லை.

உன் அம்மாவிடம் நேற்று சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தவள் இன்னும் என்னிடம் பேசவில்லை.

மன்னித்துக்கொள் என்று எழுதப் போனேன். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு எந்தத் தேதியிலிருந்து இல்லை என்று கணக்குப் பார்த்தேன். பேனாவை வைத்துவிட்டேன்.

அப்பா

---

செலண்டார்
22-2-1953

அப்பாவுக்கு,

அத்தானிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் அவருடைய சித்தப்பா வீட்டில் இருக்கிறார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார். வந்த முதல் வாரம் சாலையில் யாரும் தடுக்காததால் நடக்கவே பயமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார்.

நான் வேலையை விட்டுவிட்டேன். மார்ச் பதினெட்டாம் தேதி கோலக் கிள்ளானில் கப்பல் ஏறுகிறேன். அங்கே போய்த்தான் கல்யாணம். அம்மாவை வந்து பார்த்துவிட்டேன், நீங்கள் ஆலையில் இருந்த நேரத்தில். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் வந்தேன். அம்மா அவளுடைய வளையல் இரண்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

உங்களை வெறுக்கவில்லை அப்பா. வெறுத்தால் சுலபமாக இருக்கும். இங்கே பிள்ளைகள் யாராவது பொய் சொன்னால் உங்கள் ஞாபகம் வருகிறது. யாராவது நன்றாகச் சிரிக்க வைத்தாலும் உங்கள் ஞாபகம்தான் வருகிறது. இரண்டையும் பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை.

எனக்கு எழுத வேண்டாம். எழுதுவது என்றால் நானே எழுதுவேன்.

கமலவேணி

---

மலாக்கா
13-9-1953, ஞாயிறு

அன்பு மகள் கமலவேணிக்கும் மாப்பிள்ளை தங்கராஜுவுக்கும்,

எழுத வேண்டாம் என்றாய். ஆறு மாதம் உன் சொல்லைக் கேட்டேன். இது ஒன்றுதான், இதற்கு மேல் எழுத மாட்டேன்.

உன் அம்மா பேசுகிறாள். முதலில் "சோறு" என்றாள், பிறகு "குழம்பு" என்றாள், இப்போது முழு வாக்கியமாகத் திட்டுகிறாள். வீட்டில் சத்தம் வந்துவிட்டது.

இந்த மாதம் மூன்றாம் தேதி முதல் நம் வட்டாரத்தில் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். ஊரடங்கு இல்லை, அரிசிக்குச் சீட்டு இல்லை. யாரும் எதையும் எங்கேயும் எடுத்துக்கொண்டு போகலாம். அன்று சாயங்காலம் சந்தையிலிருந்து ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போலீஸ் நிலைய வாசல் வழியாக நடந்து வந்தேன். வாசலில் நின்றவன் "நல்ல மீனா அண்ணே" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து அதைத் தின்ன முடியவில்லை. உன் அம்மா பூனைக்குப் போட்டாள்.

பலகை இன்னும் இருக்கிறது. அதே மாதிரி ஜொகூர் ஆலையிலும் வைக்கிறார்களாம், என்னை வந்து சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன்.

மார்ச் பதினெட்டாம் தேதி ஒரு தகரம் வெட்டினேன். நம்பர் போடவில்லை. கோலக் கிள்ளான் என்று எழுதி ஆணி அடித்து மாட்டினேன். மறுநாள் பினாங்குக்கு நகர்த்தினேன். அதற்கு அப்புறம் பலகை முடிந்துவிட்டது. ஓரத்தில் அப்படியே தொங்குகிறது. முனியாயி ஒரு நாள், "கிராணியாரே, அந்த நம்பர் இல்லாத லோரி எப்ப வரும்?" என்றாள். "அது இங்க வர்ற லோரி இல்ல" என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஊரில் உள்ள ஒவ்வொரு டின் ஆசிட்டும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா என்று உன் வாயால் தெரியாது.

இதோடு ஒரு வரவுச் சீட்டு வைத்திருக்கிறேன். பொருள் கட்டத்தையும் புறப்பட்ட நேரத்தையும் நானே எழுதிவிட்டேன். மற்றதை நீ நிரப்பி அனுப்பினால் போதும். ஒரு வார்த்தை கூடுதலாக எழுத வேண்டாம். சேதக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினால் அது உன் பெருந்தன்மை. 'உண்டு' என்று எழுதினால் ஒப்புக்கொண்டு ஆணியில் குத்திவைப்பேன். சட்டம் உனக்குத் தெரியும், வெறுமையாக மட்டும் விட்டுவிடாதே. விட்டால் நான் நேரில் வந்து பார்க்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில், கப்பல் என்றால் கரையிலேயே வாந்தி எடுக்கிறவன் நான்.

இந்தக் கடிதத்துக்கு நகல் எடுக்கவில்லை.

உன் அப்பா,
பிச்சைமுத்து

---

வரவுச் சீட்டு

பொருள்: மகள், ஒருத்தி. தகரப் பெட்டி ஒன்று.

புறப்பட்ட நேரம்: 18-3-1953, பிற்பகல் 4.00, கோலக் கிள்ளான்.

வந்து சேர்ந்த நேரம்: 26-3-1953, காலை 7.40, நாகப்பட்டினம்.

சேதம், குறைவு: ........................

பெற்றவர் கையெழுத்து: த. கமலவேணி
26-10-1953

குறிப்பு: கட்டத்தை மறந்து வெறுமையாக விடவில்லை.